வாரம் ஒரு கெட்ட சேதி

பூதலூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாடு படிக்கப் போகிற பிள்ளையின் பெட்டியில் பருப்புப்பொடி இருக்கும், தலையில் கடன் இருக்கும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்கும். எங்கள் வீட்டில் நிலப் பத்திரம் போனது. லீட்ஸில் முதுகலை படித்தபோது என் தூக்கத்தைக் கெடுத்தது குளிரல்ல, அந்தப் பத்திரம்தான்.

அதற்கு மருந்து கணக்குப் போடுவது. வட்டி எவ்வளவு, தவணை எப்போது என்று அப்பாவோடு வீடியோவில் உட்கார்ந்து எழுதினோம். படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு வரை தவணை தொடங்காது. வட்டி மட்டும் ஏறும். கடன் குறையவில்லைதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மனசு போடும் கணக்கு காகிதக் கணக்கைவிட எப்போதும் பெரிசு. வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசாவும் போகும், தூக்கமும் போகும்.

அடுத்தது போன் பேச்சு.

"சாப்டியாப்பா?"

"சாப்டேன்ப்பா. பயிரு எப்படி?"

"அதுக்கென்ன, நல்லா இருக்கு."

இரண்டு பக்கமும் பொய். ஐப்பசி மழையில் சம்பா நடவு தண்ணீருக்குள் கிடந்தது சித்தப்பா சொல்லித்தான் தெரிந்தது. இனி வாரம் ஒரு கெட்ட சேதி இரண்டு பேரும் சொல்லியாகணும் என்று அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். முதல் வாரம் மோட்டாரில் காயில் போனதைச் சொன்னார். நான் வகுப்புக்குப் போகப் பிடிக்காமல் படுத்தே கிடப்பதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் ஆகிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டு. ஊரில் அப்பா படுக்கும் ஒன்பது மணி எனக்கு மூன்றரை. அறையில் அடைந்து பேசாமல், வெளிச்சம் இருக்கும்போதே நடந்துகொண்டு பேசுவேன்.

மருத்துவருக்கான பணத்தை விசாவோடு கட்டியாயிற்று: 2024 பிப்ரவரியிலிருந்து மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. பிறகும் நம் பிள்ளைகள் பலர் ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரிடம் பதிவதே இல்லை. இறங்கிய வாரமே பதியுங்கள். பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, அங்கே பேசுவது வீட்டுக்கும் போகாது, விசா அலுவலகத்துக்கும் போகாது. ஆனால் தொடர்ந்து வகுப்புக்கு வராவிட்டால் விசா அலுவலகத்துக்குத் தகவல் போகும். ஆகவே வகுப்பை நிறுத்தத் தோன்றினால் முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

பிரிட்டனில் எந்நேரமும் பேச சமாரிடன்ஸ் 116 123. உயிர் ஆபத்தென்றால் 999. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் ஒரு எண் உண்டு: டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பிள்ளையின் குரல் மாறியிருப்பதாகத் தோன்றினால் நீங்களே அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.