உத்தரவாதக் காலம் கழிந்த பின்

கைப்பொருள் கெட்டால் வருந்துதல் இயல்பு. கெட்டதன் காரணத்தை ஆராயாது பிறர்மேற் பழி சுமத்துதல் இழுக்கு. இவ்வுண்மையை நாம் ஏட்டிற் கற்றிலம். விடுதியில் ஒரு கேம் கன்சோல் பழுதுபட்டபோதே கற்றோம்.

விடுதி மாணவர் பன்னிருவர் சிற்றுண்டிச் செலவைச் சுருக்கிப் பொருள் திரட்டி, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் அக்கருவியை வாங்கினோம். ஓராண்டு உத்தரவாதம் முடிந்த பத்தொன்பதாம் நாள், இயக்கிய சில நிமிடங்களில் அது தானே அணைந்தது. முந்திய மாலை அதனைத் துடைத்து வைத்தவர் நம்முள் இளையராகிய நண்பர் ஒருவர். அவர் கீழே போட்டிருத்தல் வேண்டும் என்று நாம் ஐயுற்றோம். அவர் மறுத்தும் நம்பினோமல்லோம். விற்ற கடையினரோ, "காலம் கழிந்தது, புதிது வாங்குங்கள்" என்றனர்.

உத்தரவாதம் என்பது யாது? குறித்த காலத்துள் தோன்றும் குறையைத் தம் செலவிற் சரிசெய்து தருவதாக உற்பத்தியாளர் கூறும் உறுதிமொழியே அது. அக்காலம் முடிந்தால் இலவசப் பழுதுபார்ப்பு முடியும். கருவியின் ஆயுளும் முடிந்ததெனக் கொள்ளற்க.

முதற்கண் அறியவேண்டியது, குறை நம் கருவிக்கே உரியதா, பலர்க்கும் பொதுவானதா என்பது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2005 நவம்பரில் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 இதற்குச் சான்று. அவற்றுட் பலவற்றில் முகப்பிலே மூன்று சிவப்பு விளக்குகள் மின்ன, இயக்கம் நின்றது. முறையீடுகள் பெருகவே, 2007 ஜூலையில் அந்நிறுவனம் அக்குறைக்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அக்குறைக்காக முன்னரே பணம் செலுத்தியவர்க்கு அதனைத் திருப்பித் தரவும் இசைந்தது. ஆதலின், வாளாவிராது, வாங்கிய சீட்டுடன் உற்பத்தியாளர்க்கு எழுதிக் கேட்டல் நன்று.

இரண்டாவதாக, எளியவற்றை முதலிற் சோதிக்க. மின்கம்பியையும், திரைக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. கம்பியையும் மாற்றிப் பார்க்க. வேறொரு பிளக் பாயிண்டிலும் செருகிப் பார்க்க. சில நிமிடம் இயங்கிப் பின் அணையுமாயின் வெப்பத்தை ஐயுறுக. உள்ளிருக்கும் சில்லின் வெப்பம் ஒருவகைப் பசை வழியே உலோகத் தகடுகளிற் பரவி, விசிறிக் காற்றால் வெளியேறும். பசை உலர்ந்தாலும், தூசி அடைத்தாலும் வெப்பம் தேங்கும். தன்னைக் காத்துக்கொள்ளக் கருவி அணைந்துவிடும்.

மூன்றாவதாக, திறக்குமுன் எச்சரிக்கை வேண்டும். இயலுமாயின் சேமித்த ஆட்டங்களைப் படியெடுத்து வைக்க. மின்னிணைப்பை நீக்கிய பின்னும் மின்வழங்கிப் பகுதியிலுள்ள மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதனை அறியாதார் தொடலாகாது. மேலும், சில கருவிகளில் வட்டுச் செலுத்தி தாய்ப்பலகையோடு மென்பொருளாற் பிணைக்கப்பட்டுள்ளது. புதிய செலுத்தியை வாங்கிப் பொருத்தினாலும் அது வட்டைப் படியாது. பழுதுபார்ப்பதற்காக அப்பூட்டைக் கடப்பதற்கு அமெரிக்கப் பதிப்புரிமை விதிகளில் 2021 அக்டோபரில்தான் விலக்களிக்கப்பட்டது. எனவே பழைய செலுத்தியை எறிந்துவிடாது பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்தல் அறிவுடைமை.

நம் கருவியை நகரத்துப் பழுதுபார்ப்பவர் ஒருவர் நம் கண்முன் திறந்தார். விசிறியிற் பஞ்சுபோல் தூசி படிந்திருந்தது. பசை சுண்ணாம்புபோல் உலர்ந்து உதிர்ந்தது. விழுந்த அடையாளம் எங்குமில்லை. தூய்மை செய்து புதுப்பசை இட்டதும் கருவி இயங்கிற்று. செலவு புதியதன் விலையிற் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை.

கட்டணம் செலுத்தச் சென்றோம். அதனை முழுவதும் அவ்விளைய நண்பர் முதல்நாளே செலுத்திவிட்டார் என்று அறிந்தபோது நாம் தலைகவிழ்ந்தோம். அன்றிரவே தொகையைப் பன்னிருவர்க்கும் பங்கிட்டு, அவர் பங்கு போக எஞ்சியதை அவர் கையிற் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். திங்கள்தோறும் விசிறியைத் துடைக்கும் வேலையை இப்போது நாம் பதினொருவரும் முறைவைத்துச் செய்கிறோம்.