பாதி விலைக்குக் கார், முழு விலைக்கு ஸ்பேர்

சொகுசு கார் வாங்க ஆசை இருந்து, பணத்தையும் வீணாக்கக் கூடாது என்று நினைப்பவருக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: நான்கைந்து வருடம் ஓடிய, ஒழுங்காகப் பராமரித்த காரை வாங்குங்கள். நான் 2018 மாடல் மெர்சிடிஸ் சி-கிளாஸ் டீசல் காரை அப்படித்தான் வாங்கினேன். முதல் ஓனர் வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50 லட்சம் கொடுத்து எடுத்த வண்டி, ஐந்து வருடத்தில் பாதி விலைக்கும் கீழே என் கைக்கு வந்தது.

விலை இவ்வளவு விழக் காரணம், வண்டி பாதி தேய்ந்துவிட்டது என்பதல்ல. புது வண்டியின் விலையில் பெரிய பங்கு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 நவம்பரிலிருந்து வாழ்நாள் வரி 20 சதவீதம். 50 லட்சம் மதிப்புள்ள காருக்கு அந்த வரி மட்டுமே 10 லட்சம். முதல் ஓனர் வரியாகக் கட்டும் பணம், அவர் விற்கும்போது முழுதாகத் திரும்புவதில்லை. இரண்டாவதாக வாங்குபவரின் லாபம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் ஒன்றை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார் விலை பாதியாகும். ஸ்பேர் விலை பாதியாகாது. 25 லட்சத்துக்கு வாங்கினாலும் ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் 50 லட்சம் ரூபாய் காருடையவைதான். ஆகவே கையில் 25 லட்சம் இருந்தால் 22 லட்சத்துக்குள் காரைத் தேடுங்கள். மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தக் காருக்கென்றே விட்டுவிடுங்கள். டயர், பேட்டரி, பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் ஐந்து முதல் எட்டு வருடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கும்.

பார்க்கும் முறை

எனக்குத் துணையாக வந்த மெக்கானிக் வண்டியைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. "சார், வெளியே பளபளன்னு இருக்கிறதைப் பார்க்காதீங்க. முதல்ல லிஃப்ட்ல ஏத்துவோம், அப்புறம் ஸ்கேன் போடுவோம்" என்றார். அடியில் எண்ணெய்க் கசிவு, புஷ் வெடிப்பு, கல்லில் இடித்த தடம் எல்லாம் அங்கேதான் தெரியும். ஜெர்மன் கார்கள் பலவற்றில் கூலன்ட் செல்லும் இணைப்புகள் பிளாஸ்டிக். நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் அவை காய்ந்து நொறுங்கும் என்பதால் அவற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வீஸ் வரலாற்றை ஓனர் காட்டும் பில்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஓனர் மூலமாகவே பதிவுகளைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். மீட்டரைத் திருப்பியிருந்தால் வரிசை முரண்படும். டயர் ஓரத்தில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 3522 என்றால் 2022-ஆம் வருடத்தின் 35-ஆவது வாரம். 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் காரில் டயர் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்கக் கூடாது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கார்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். சொகுசு கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள் சில தரைக்கு அருகிலேயே இருக்கும். தண்ணீர் குடித்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

டெல்லி வண்டி மலிவா?

டெல்லியில் டீசல் கார் 10 வருடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் அங்குள்ள கார்கள் மலிவாயின. ஆனால் வெளி மாநில வண்டியை இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரி எல்லாம் சேரும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு அலைச்சல் உண்டு. இதையெல்லாம் கூட்டிய பிறகுதான் விலையை ஒப்பிடுங்கள்.

உள்ளூர் வண்டியிலும் அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி உண்டா என்று பார்த்துவிடுங்கள். கடன் இருந்தால் வங்கியின் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் கூடும். பல கம்பெனிகள் ஐந்து வருடத்துக்குப் பிறகு, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தயங்கும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு கிளைமில் பாதிதான் கிடைக்கும். பம்பர் அடிபட்டால் மீதிப் பாதி உங்கள் பையிலிருந்துதான்.

ஓட்டும்போது மிச்சப்படுத்த

ஸ்பேரில் நான் கண்ட பெரிய மிச்சம், அந்தப் பாகத்தைச் செய்து கொடுக்கும் கம்பெனியின் பெட்டியிலேயே அதை வாங்குவது. பாஷ், மான், சாக்ஸ், லெம்ஃபோர்டர் போன்றவை கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் கொடுப்பவை. அதே பாகம் கார் முத்திரை இல்லாமல் வரும்போது பெரும்பாலும் விலை குறைவு. ஆனால் பிரேக்கிலும் ஏர்பேக்கிலும் பழைய இரும்புக் கடைப் பாகத்தை ஒருபோதும் பொருத்தாதீர்கள்.

உங்கள் ஓட்டத்துக்கேற்ற இன்ஜினைத் தேர்ந்தெடுங்கள். தினமும் பத்துக் கிலோமீட்டர் நகர ஓட்டம்தான் என்றால் டீசல் வேண்டாம். புகைக்கரியை வடிகட்டும் டி.பி.எஃப். தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம் வேண்டும். நான் சென்னைக்கும் மதுரைக்கும் அடிக்கடி போய்வருவதால்தான் டீசல் எனக்குப் பொருந்துகிறது.

மாதத் தவணையை இழுத்துப் பிடித்துக் கட்ட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இந்த வழி வேண்டாம். அவருக்குப் புதிய சிறிய காரே நிம்மதி. தனியாக எடுத்து வைத்த பணமும், நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கும், பிடிக்காத வண்டியை விட்டு எழுந்து வரும் பொறுமையும் இருந்தால், நல்ல சொகுசு காரைப் புது நடுத்தரக் காரின் விலைக்குள் பல வருடம் ஓட்டலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தள்ளிப்போடுங்கள். விலை இன்னும் இறங்கித்தான் இருக்கும்.