பல்லீற்றுக் கட்டியும் உறையாக் குருதியும்

நெடுநாள் நோயொன்றை உடலிற் சுமந்து வாழ்வோர்க்கு அந்நோயினும் பெரிய துன்பம் ஒன்றுண்டு. பிறர்க்கு வந்து தானே மறையும் சிறு குறைகளெல்லாம் அவர்க்குப் பெருநோயின் தூதுவராகவே தோன்றும் என்பதே அது. தலை நொந்தால் அச்சம். கால் வீங்கினால் அச்சம். பல்லீற்றிற் பயறளவு கட்டி எழுந்தாலோ இரவெல்லாம் உறக்கமில்லை. இவ்வச்சத்துள் எவ்வளவு பொருளுண்டு, எவ்வளவு வெறும் நிழல் என்பதை ஆராயப் புகுந்தேன். யான் மருத்துவனல்லேன், எம்மூரில் நிகழ்ந்த ஒன்றைக் கண்ணாற் கண்டதும், அதன்பின் அறிந்தோரை வினவியும் நூல்களைப் பயின்றும் தெரிந்துகொண்டதுமே இதனை எழுதத் தூண்டின.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் நோக்கிச் செல்லும் வழியிலே, மழையை நம்பிய மேட்டு நிலங்களின் நடுவே குஜிலியம்பாறை உள்ளது. அங்கே என் நண்பர் ஒருவர் ஹீமோபீலியா என்னும் குருதி உறையா நோயோடு பிறந்தவர். அவர்தம் தாய்மாமன் இளமையிற் பல் பிடுங்கப்பெற்று, மூன்று நாள் குருதி ஒழுகி மாண்டாராம். அந்நாளில் அந்நோய்க்குப் பெயருண்டென்பதையே அவ்வீட்டார் அறியார். ஆகவே அவ்வன்னை மகன் வாயிலே எதுவும் படலாகாதென்று காத்தார். வேப்பங்குச்சி கூடாது, துலக்கியும் கூடாது, விரலாற் சிறிது பற்பொடி தொட்டு வாய் கொப்பளிப்பதே அவர்க்கு விதி. இருபத்திரண்டாம் வயதில் மேல்வரிசை இடப்பக்கத்துப் பல்லொன்றின்மேல் துவரையளவு கட்டி தோன்றியது. நண்பர் கைப்பேசியில் தேடினார். ஈறு வீங்குதல் இரத்தப் புற்றின் குறியாகலாம் என்று படித்தார். அன்று முதல் உணவு குறைந்தது.

ஹீமோபீலியா என்பது யாதெனில், காயத்தின் வாயை அடைக்கும் பொருள்களுள் ஒன்று பிறப்பிலேயே குறைந்திருத்தல். நரம்போ தசையோ கிழிபட்டவிடத்து முதலிற் குருதித் தட்டுக்கள் ஓடிவந்து குவிகின்றன. பின்னர்ப் பல காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் நார்வலை போன்றதொரு பொருளைப் பின்னி அக்குவியலை இறுகக் கட்டுகின்றன. எட்டாங் காரணி குறைந்தால் ஹீமோபீலியா ‘ஏ’. ஒன்பதாங் காரணி குறைந்தால் ‘பி’. ஆண்மக்கள் ஏறக்குறைய ஐயாயிரவருள் ஒருவர்க்கு முன்னையது நேர்கின்றது. பின்னையது அதனினும் அரிது. தாய் வழியே மகனுக்கு இறங்குவது இதன் இயல்பு. விக்டோரியா மகாராணியாரின் மகன் லியோபோல்டு 1884-இல் இந்நோயால் இறந்தார். ருஷியப் பேரரசரின் மகன் அலெக்சியைப் பற்றியிருந்தது ‘பி’ வகையே என்பது அவர்தம் எலும்புகளை ஆராய்ந்து 2009-இல் தெளியப்பட்டது. ஆயினும் நோயாளருள் மூவரில் ஒருவர்க்குக் குடும்பத்தில் முன்னோர் எவர்க்கும் இஃது இருந்ததில்லை என்ப. மாமன் மகளை மணத்தலால் வந்ததென்று நம் ஊரிற் கூறும் பழி இந்நோய்க்குப் பொருந்தாது. உறவு மணத்தால் மிகுபவை வேறு சில குருதிக் குறைகள். அவை ஆண் பெண் இருபாலாரையும் பற்றும்.

நிற்க. உடம்பின் மற்றை உறுப்புக்களினும் வாயிற் குருதி நில்லாதொழிவது ஏன்? உமிழ்நீரில் உறைந்த குருதியைக் கரைக்கும் ஆற்றல் உண்டு. நலமுடையோர்க்கு இஃது ஒரு தீங்கும் செய்யாது. உறைதல் விரைந்து முற்றிவிடும். ஹீமோபீலியருக்கோ மெல்ல மெல்ல உறைந்ததும் கரைந்துபோகும். இக்கரைதலைத் தடுக்கும் மருந்தொன்றினை ஜப்பானியராகிய உதாகோ ஒகாமோட்டோ அம்மையாரும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962-இல் உலகிற்கு அறிவித்தனர். மகப்பேற்றில் குருதி பெருகி இறக்கும் தாய்மாரைக் காத்தலே அவர் கருதியது. டிரானெக்சாமிக் அமிலம் எனப்படும் அம்மருந்தே இன்று பல் எடுக்கப்பெறும் ஹீமோபீலியர்க்கு விழுங்கவும் வாய் கொப்பளிக்கவும் கொடுக்கப்படுகிறது. சிறுநீரிற் குருதி போகுங்கால் அதனைக் கொள்ளுதல் தீது. ஆதலின் வைத்தியர் சொல்லின்றி உட்கொள்ளலாகாது.

இனி, நண்பரை வாட்டிய பேரச்சத்தைப் பார்ப்போம். இரத்தப் புற்றிற் சில வகைகள் ஈற்றை வீங்கச் செய்தல் உண்மையே. ஆனால் அவ்வீக்கம் ஒரு பல்லருகே மட்டும் மணிபோல் எழுவது அரிது. பெரும்பாலும் பல பற்களைச் சுற்றியும் ஈறு தடித்து, பஞ்சுபோற் பொதுபொதுத்துப் பல்லை மூடவரும். காய்ச்சல், அயர்வு, காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்புகள் முதலியன உடன் வரும். அன்றியும் ஹீமோபீலியா இரத்தப் புற்றாக மாறும் நோயன்று. முன்னையது குருதிநீரிற் கரைந்திருக்கும் ஒரு பொருளின் குறைவு. பின்னையது எலும்பு மச்சையிற் பிறக்கும் அணுக்களின் கேடு. இரண்டையும் ‘இரத்த நோய்’ என்ற ஒரே சொல்லால் வழங்குவதனால் விளைந்த மயக்கம் இது! எனினும், மச்சையிலேயே பிணியுடைய வேறு சிலர்க்கு, அஃதாவது அணுக்கள் அளவிறந்து பெருகுவோர்க்கும் முதிராமல் நிற்போர்க்கும், ஈற்று வீக்கத்தைப் புறக்கணித்தல் தகாது. குருதியணுக்களை எண்ணும் எளிய சோதனையொன்று பெரும்பாலும் ஐயத்தைத் தீர்த்துவிடும். அதன் செலவும் மிகச் சிறிது.

அங்ஙனமாயின் கட்டி எங்கிருந்து வந்தது? பல்லிலிருந்தே வந்தது. சொத்தை உள்ளே இறங்கி வேரின் நுனியிற் சீழ் கோத்தால், அது எலும்பைத் துளைத்து ஈற்றின்மேற் கொப்புளமாய்த் தலைகாட்டும், உடைந்து வற்றும், மீண்டும் எழும். இங்கேதான் இவ்வாராய்ச்சியில் என்னை மிகவும் வருத்திய செய்தி உள்ளது. துலக்கினாற் குருதி வருகிறதென்று துலக்காது விட்டார்கள். விடவே அழுக்குப் படிந்து காரையாக இறுகியது. காரை ஈற்றைப் புண்ணாக்கியது. புண்பட்ட ஈறு தொட்டவுடன் குருதி கசிந்தது. கசிவைக் கண்டு அச்சம் இன்னும் வளர்ந்தது. மகனைக் காக்க அன்னை இட்ட வேலியே பகைவனுக்கு வழியாயிற்று. மென்மையான துலக்கியால் நாள்தோறும் இருமுறை துலக்கினால், தொடக்கத்திற் சில நாள் சிறிது கசிந்தாலும் பின்னர் ஈறு இறுகிக் கசிவு குறையும்.

அண்டை வீட்டு முதியவள், “ஊசியைத் தீயிலே காட்டிக் குத்திவிடு கண்ணு, சீழ் போனால் வலி போய்விடும்” என்றாள். மற்றொருவர் புகையிலைத் துணுக்கை அடக்கிக்கொள்ளச் சொன்னார். திண்டுக்கல் நாட்டிற் புகையிலைக்குப் பஞ்சமேது? பின்னதனால் வாய்ப் புற்றும் வரலாம். முன்னதனாலோ அன்றிரவே ஆபத்து. கடையில் வாங்கிய ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் இவர்க்கு நஞ்சே. அவை தட்டுக்களின் வேலையையும் கெடுக்கும். பாரசிட்டமால் ஒன்றே ஒருவாறு இடையூறற்றது. பல் வைத்தியர் முதலில் எதையும் தொட மறுத்துவிட்டார். அவர் கோழையென்று வீட்டார் சினந்தனர். யான் அவரை மெச்சுகிறேன். கீழ்த்தாடையை மரக்கச் செய்யும் ஊசியைக் காரணி ஏற்றாமற் செலுத்தினால், உள்ளே கசியும் குருதி தொண்டையை நெருக்கி மூச்சை அடைத்தலும் கூடும். இரத்த நோய் வைத்தியரின் கடிதம் வந்த பின்னரே அவர் ஒளிப்படம் எடுத்தார். வேர் நுனியிற் கரிய நிழல் தெரிந்தது. பல்லைப் பிடுங்காமல் வேரை மட்டும் துளைத்துத் தூய்மை செய்வதென இருவரும் முடிவு செய்தனர். தமிழ்நாட்டு அரசினர் மருத்துவமனைகளில் இக்காரணி மருந்து விலையின்றி வழங்கப்படுவதை இங்கே குறித்தல் வேண்டும். விலைகொடுத்து வாங்க உழவர் குடும்பத்தால் இயலாது.

1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலூர் மருத்துவ நிலையத்தினர், ஹீமோபீலியா ‘ஏ’ கடுமையாயுள்ள ஐவரின் மூல அணுக்களை எடுத்து, எட்டாங் காரணிக்குரிய மரபணுவை அவற்றுட் செலுத்தி மீண்டும் அவர்தம் உடலில் ஏற்றினர். அதன்பின் தொடர்ந்து கண்காணித்த காலத்தில் அவருள் எவர்க்கும் குருதிப் பெருக்கு நிகழவில்லை என 2024-இல் வெளியிட்டனர். ஐவர் என்பது சிறு தொகையே. இச்செய்தியை நண்பரிடம் சொன்னபோது அவர் அதிகம் பேசவில்லை. தம் மாமன் இருந்திருந்தால் அவர்க்கு என்ன வயதாகும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

இரு வாரத்திற் கட்டி வற்றிவிட்டது. குருதி எண்ணிக்கையும் குறையின்றி வந்தது. இப்பொழுது அவ்வீட்டு மாடத்தில் மென்துலக்கி ஒன்று இருக்கின்றது. முதல் வாரம் அவர் துலக்கி உமிழ்ந்த நீரை அன்னை நாள்தோறும் வந்து குனிந்து பார்த்தாராம். இந்நாட்களிற் பார்ப்பதில்லை என்று நண்பர் கூறுகிறார். பார்க்கிறார் என்றே யான் எண்ணுகிறேன்.