வெயில் காலத்துக்கு எந்த டயர்?



நம் திருப்பூரில் நூல் மூட்டையும் பனியன் துணியும் வண்டி ஏறாமல் ஒரு வேலையும் நடக்காது. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு தையல் கம்பெனி என்று ஒரே துணி பல தடவை வண்டி ஏறுகிறது. சித்திரை வந்தால் ரோட்டோரம் டயர் கிழிந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்து, "வெயில்ல வெடிச்சிருச்சு" என்கிறோம். வெயில் மட்டும்தான் காரணமா? ஆட்டோமொபைல் மாணவன் என்ற முறையில் நான் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாகும் அல்லவா, அதே கதைதான். டயருக்குள்ளும் நம்ம ஊர்ச் சரக்கு இருக்கிறது: ரேடியல் கார் டயரில் பாலியஸ்டர் நூல் அடுக்கு, அதன்மேல் எஃகுக் கம்பிப் பட்டை. காற்று குறைந்தாலும், சுமை கூடினாலும், வேகம் கூடினாலும் உள்சூடு ஏறும். வெயில் அந்தச் சூட்டை ஆற விடாது. சூடு மிஞ்சினால் ரப்பருக்கும் பட்டைக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போகும்.

ஒரு தவறான பழக்கம்

"வெயில் காலம், ரெண்டு பாயிண்ட் கம்மியா அடிங்க" என்று பலர் சொல்வார்கள். இது ஆபத்து. காற்றைக் குறைத்தால் நசுங்கல் கூடி, டயர் இன்னும் சூடாகும். வண்டி ஓடியபின் பாயிண்ட் ஏறுவது இயல்பு. அதை இறக்கக் கூடாது. வண்டிக் கம்பெனி சொன்ன அளவை, காலையில் டயர் ஆறியிருக்கும்போதே பார்த்து அடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. டயரின் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தனர். டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில்தான் புகார்கள் அதிகம். டயரின் அமைப்பிலேயே குறை இருந்தது. அதோடு ஃபோர்டு சொன்ன 26 பாயிண்ட் காற்று குறைவு என்ற சர்ச்சையும் எழுந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. சுமை எண்: "165/80 ஆர் 14 85 டி" என்றிருந்தால், 85 என்பது ஒரு டயர் அதிகபட்சம் 515 கிலோ தாங்கும் என்று பொருள். "டி" என்பது 190 கி.மீ. வேக வரம்பு. பழைய டயரில் இருந்ததைவிட இவை குறையக் கூடாது.

2. சரக்கு வண்டி: 6 பி.ஆர்., 8 பி.ஆர். என்று போட்டிருப்பார்கள். எண் கூடினால் சுமை தாங்கும் திறன் கூடும், ஆனால் அதற்கேற்ற காற்றும் வேண்டும். விலை குறைவு என்று கார் டயரை மாட்டாதீர்கள்.

3. தேதி: கடைசி நான்கு இலக்கம் "2324" என்றால் 2024-ன் 23-வது வாரம் செய்தது. பழைய டயர் கடையில் "பட்டன் நல்லா இருக்குதுங்க" என்பார்கள். பட்டன் இருந்தும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் தொடவே வேண்டாம்.

4. தேய்மானம்: பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

5. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கென்று வேறு டயர் மாட்டுகிறார்கள். இங்கே விற்பவை வெப்பத்துக்கு ஏற்றவையே. ஆகவே "கோடை டயர்" என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. சரியான சுமை எண், சரியான காற்று, புது ரப்பர், இந்த மூன்றும் போதும்.

என் அப்பா இருபது வருடமாகத் துணி வேன் ஓட்டுகிறார். டயரில் உள்ள எழுத்தை அவருக்குப் படித்துச் சொல்ல எங்கள் வீட்டில் இதுவரை ஆள் இல்லை. உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இந்த விடுமுறையில் ஒரு காலையில் வீட்டு வண்டிப் பக்கம் குனிந்து உட்கார்ந்து, அந்த எண்களை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நாம் படிக்கும் படிப்பு அங்கிருந்தே பயன்படட்டும்.