எலும்புத் தகடும் ஒட்டிய கிருமியும்

பத்தாம் வகுப்பு மாணவி, திருமயம்

ஊருணிப் படியில் கால் வைத்து வழுக்கி விழாதவர் நம்மில் குறைவு. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் படியின் வழவழப்புப் போவதில்லை. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். இந்தப் படியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

என் தாய்மாமா புதுக்கோட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. மருத்துவமனையில் தகடும் திருகாணிகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். ஒரு மாதம் கழித்து ஆறிய தையலின் ஓரத்தில் சீழ் கசிந்தது. மாமா தாமாகவே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார், நின்றது. மாத்திரை தீர்ந்ததும் மறுபடி கசிந்தது. இரண்டு முறை இப்படி ஆயிற்று. "மாத்திரைதான் கேட்கிறதே, பிறகு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?" என்றார் அம்மாச்சி. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இத்தகைய சீழுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்துப் போலத் தோன்றும். நலமாக இருக்கும் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரின் மூக்கில் இது எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. ஆனால் உடலுக்குள் ஓர் அந்நியப் பொருள் இருந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. 1957-ல் எலெக், கோனன் என்னும் இருவர் தாமாக முன்வந்த மனிதரிடம் இதைச் சோதித்தனர். வெறும் தோலில் சீழ் கட்ட இக்கிருமிகள் பல லட்சம் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டு நூலையும் வைத்துத் தைத்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. ஒரு நூலுக்கே இப்படியானால் விரல் நீளத் தகட்டுக்கு என்ன ஆகும்!

தகட்டுக்குள் இரத்தம் ஓடுவதில்லை. அதன் அருகில் நம் வெள்ளணுக்களின் வலிமையும் குன்றிவிடுகிறது. உலோகத்தில் ஒட்டிக்கொண்ட கிருமிகள் தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைச் சுரந்துகொள்கின்றன. ஊருணிப் படியின் வழுக்கல் போன்றதே அதுவும். அதற்குள் அவை வேகமாகப் பெருகாமல் சோம்பிக் கிடக்கின்றன. பெனிசிலின் இன மருந்துகள், வளர்கின்ற கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுத்தே அதைக் கொல்கின்றன. சுவரே கட்டாமல் தூங்குகிறவனை அவை என்ன செய்ய முடியும்? வெளியே மிதக்கும் கிருமிகள் சாகும், சீழ் நிற்கும். மாத்திரையை நிறுத்தியதும் படலத்திலிருந்து புதிய கிருமிகள் கிளம்பிவிடும்.

ஆகையால் முதலில் தேங்காய் நார் வேலை! தையலைத் திறந்து, செத்த சதையை அகற்றி, தகட்டைச் சுற்றிலும் நன்கு கழுவுகிறார்கள். அப்போதே பல இடங்களிலிருந்து சதைத் துணுக்குகளை எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதனைக்கு அனுப்புகிறார்கள். கடை மாத்திரைகளை ஏற்கெனவே விழுங்கியிருந்தால் இச்சோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். மாமாவுக்கு டாக்டரிடம் நல்ல திட்டு கிடைத்தது இதற்காகத்தான். தகடு ஆடாமல் உறுதியாக இருந்ததால் அதை எடுக்கவில்லை.

படலத்துக்குள்ளும் புகுந்து வேலை செய்யும் மருந்து ஒன்று உண்டு. அது ரிஃபாம்பிசின். 1957-ல் பிரான்சின் கடற்கரைப் பகுதி மண்ணில் கண்ட நுண்ணுயிரிலிருந்து இத்தாலியின் மிலான் நகரில் இம்மருந்தின் மூலப்பொருளைப் பிரித்தார்கள். 'ரிஃபிஃபி' என்ற திரைப்படத்தின் பெயரையொட்டி விளையாட்டாகப் பெயர் வைத்தார்களாம்! சுவிட்சர்லாந்தில் எலும்புச் சாதனங்களில் தொற்றுக் கண்ட 33 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 1998-ல் வெளிவந்தது. மருந்தை முழுக் காலமும் உட்கொண்டவர்களில், சிப்ரோஃப்ளாக்சசினுடன் ரிஃபாம்பிசினும் பெற்ற 12 பேரும் குணமடைந்தனர். ரிஃபாம்பிசின் பெறாத 12 பேரில் 7 பேரே குணமடைந்தனர். இதை ஒருபோதும் தனியாகக் கொடுப்பதில்லை. தனியாகக் கொடுத்தால் கிருமி மிக விரைவில் அதற்குப் பழகிவிடும்.

மாத்திரை தொடங்கிய மறுநாள் மாமாவின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போக, வீடே கலங்கியது. அது மருந்தின் நிறந்தான். "இது காசநோய் மாத்திரையல்லவா?" என்று பக்கத்து வீட்டார் வேறு கேட்டார்கள். காசநோய்க்கும் இதுவே முக்கிய மருந்து என்பது உண்மை. அதனால்தான் டாக்டர், மாமாவுக்குக் காசநோய் இல்லை என்று சோதித்து அறிந்த பிறகே இதைக் கொடுத்தார். உள்ளே காசநோய் ஒளிந்திருந்தால், அந்தக் கிருமியும் இம்மருந்துக்கு அடங்காததாகிவிடக் கூடும்.

எத்தனை நாள் சாப்பிடுவது? செயற்கை மூட்டுகளில் தொற்றுக் கண்டவர்களுக்கு 6 வாரம் போதுமா, 12 வாரம் வேண்டுமா என்று பிரான்சில் சோதித்து 2021-ல் வெளியிட்டனர். 6 வார மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குத் தொற்று நீங்கவில்லை. 12 வாரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கே அந்நிலை. மாமாவுக்கும் டாக்டர் 12 வாரம் என்றார். மாமாவோ மூன்றாம் வாரமே, "புண் காய்ந்துவிட்டதே" என்று நிறுத்தப் பார்த்தார்.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், வீட்டிலிருந்தே மருந்துண்ட நோயாளிகளின் இல்லங்களுக்குச் சொல்லாமல் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்களாம். வீட்டுச் சிகிச்சையும் மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஈடானதே என்று 1959-ல் உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள். அதைப் படித்ததிலிருந்து நானும் இரவுதோறும் மாமாவின் மாத்திரை அட்டைகளை எண்ணத் தொடங்கினேன். முதலில் கோபித்துக்கொண்டார், இப்போது அவரே அட்டைகளை எடுத்து நீட்டுகிறார். இது பத்தாவது வாரம். எலும்பு கூடியதும் தகட்டை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.