பழைய கடைவீட்டு மரவேலை: கழற்றி விற்குமுன் கணக்குப் போடுவோம்



நம்மில் பலர் தாத்தா காலத்துக் கடைவீட்டில்தான் இன்றும் வியாபாரம் செய்து வருகிறோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு அல்லது கிட்டங்கி. எண் போட்ட பலகைகளை வரிசையாகச் செருகிப் பூட்டும் வாசல், தேக்கு நிலை, பித்தளைக் குமிழ் அடித்த கதவு, தூணின் மேல் செதுக்கிய போதிகை, கை பட்டு வழவழத்த கல்லாப்பெட்டி என்று ஒன்றிரண்டாவது மிஞ்சியிருக்கும். நிலைக்கால் உளுத்துவிட்டது, கதவு பிடிக்கிறது என்று நாம் சலித்துக்கொள்ளும் நாளில் பழைய சாமான் வாங்குகிறவர் வந்து நிற்பார். "இதை எடுத்துக்கொண்டு ரொக்கம் தருகிறேன், ஷட்டர் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார். கை நீட்டுமுன் நாம் அறிய வேண்டியவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. முதலில் கன அடிக் கணக்கு

எடை போடாமல் ஒரு மூட்டைப் பருப்பைக்கூட நாம் விற்பதில்லை. கதவை மட்டும் கண்மதிப்பில் கொடுத்துவிடுகிறோம். தேக்கு கன அடிக்கு விலை பேசும் சரக்கு. 7 அடி உயரம், 4 அடி அகலமுள்ள வாசலை எடுத்துக்கொள்வோம். நிலைச் சட்டம் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்றால், நான்கு பக்கமும் சேர்ந்த 22 அடிக்கு ஏறக்குறைய 3⅔ கன அடி வரும். 2 அங்குலக் கனமுள்ள கதவு 4⅔ கன அடி. ஆக, 8 கன அடிக்கு மேல். உள்ளூர் மரவாடியில் விலை கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். செதுக்கு வேலையும் பித்தளையும் இதற்கு மேல்.

செட்டிநாட்டில் பர்மாத் தேக்கால் கட்டிய பல வீடுகள் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. விற்றவரே திரும்ப வாங்கப் போனால் கொடுத்த விலைக்குக் கிடைக்காது. வாங்கி விற்கும் தொழிலில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2. மரத்துக்கு முன் ஈரத்தைப் பார்க்க

நிலைக்கால் அடியில்தான் பெரும்பாலும் கெடும். காரணம் தண்ணீர். சாலையை மேலே மேலே போட்டதால் வாசற்படி தாழ்ந்து மழைநீர் உள்ளே வருகிறதா? கடை கழுவும் நீர் நிலையோரம் தேங்குகிறதா? சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருக்கிறதா? சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தைக் காற்றில் விட்டு ஆறும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும், அந்த ஈரம் நிலையில் ஏறும். இதைச் சரிசெய்யாமல் புது நிலை வைத்தால் அதுவும் கெடும்.

சுவரில் மண்கோடு ஏறினால் கரையான். மரத்தடியில் மாவு போல் தூள் உதிர்ந்தால் வண்டு. தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் எளிதில் தொடாது, வெளிப்புற வெள்ளைப் பகுதியைத் தின்னும். மருந்து அடிக்க நேர்ந்தால் சரக்கு முழுவதையும் அப்புறப்படுத்திவிட்டே அடிக்க வேண்டும்.

3. கெட்டதை மட்டும் வெட்டுக

கூர்மையான ஆணியால் அடியிலிருந்து மேலாகக் குத்திப் பாருங்கள். ஆணி இறங்குமிடம் கெட்டது, இறங்காத இடம் நல்லது. பல நிலைகளில் கீழே ஒரு முழம்தான் போயிருக்கும். அதைச் சாய்வாக வெட்டி, அதே சாய்வில் இழைத்த துண்டைப் பசையும் மர ஆணியும் கொண்டு பொருத்தச் சொல்லுங்கள். துண்டு பழைய தேக்காக இருக்கட்டும். காயாத புது மரம் சுருங்கி இடைவெளி விடும். கதவு பிடிக்கிறது என்றால் உடனே இழைக்க வேண்டாம். கீல் தளர்ந்திருந்தாலும் பிடிக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதிப் பிடிப்பதும் உண்டு, வெயில் வந்ததும் சரியாகும்.

வாசல் பலகைகளைக் கழற்றுமுன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் இடத்துக்கென்று இழைத்தது, மாற்றிப் போட்டால் உட்காராது.

4. பெயிண்ட் உரிப்பதில் எச்சரிக்கை

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் எடையில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் அரிசியிலும் பருப்பிலும் விழும். குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், நனைத்துத் தேய்க்க வேண்டும். தீயால் கருக்கி உரிக்கவே கூடாது.

உரித்தபின் ஆளிவிதை எண்ணெய் பூசுவது நல்ல பழைய முறை. ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். சாக்கும் அட்டைப்பெட்டியும் நிறைந்த கடையில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கல்லாப்பெட்டி போன்ற உள்சாமான்களில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஓர் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். முழுவதும் சுரண்டாமல் அதன்மேலேயே மெல்லப் புதுப்பிக்கலாம். மழை படும் கதவுக்கு அரக்குப் பாலிஷ் ஆகாது. பித்தளைக்கு நம் கடைப் புளியே போதும். தேய்த்தபின் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும்.

5. கட்டிக் காத்தவர்கள்

சிங்கப்பூரில் தமிழ் வணிகர்கள் நிறைந்த லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இயன்றவரை உள்ளதை வைத்துக்கொள், பக்குவமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார் என்பதே அங்குள்ள விதி. பழைய கடைவீடுகளில் இன்றும் வியாபாரம் நடக்கிறது. புதுச்சேரியில் வைசியாள் வீதி சீரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. அதுவும் வணிகர் வாழ்ந்த வீதியே.

பணமுடை வந்து விற்றே ஆக வேண்டிய நிலையும் வரலாம். அதில் தவறில்லை. அளந்து, விலை விசாரித்து, தெரிந்து விற்போம். மற்றவர்கள் வரும் விடுமுறை நாளில் ஓர் ஆணியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு வாசலில் அரைமணி நேரம் உட்காருங்கள். எவ்வளவு கெட்டிருக்கிறது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு ஆசாரியைக் கூப்பிடலாம்.