கிரிப்டோ கணக்கும் அமானிதமும்: 12 சொற்கள் மட்டும் போதாது

 

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் (அல்பகரா 282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. பணத்தின் வடிவம் மாறினாலும் அந்தக் கடமை மாறுவதில்லை. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களைக் கைபேசியில் வைத்திருக்கிறார்கள். அது கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவரின் கணக்கு அவருக்குப் பின் குடும்பத்தாருக்கு விளங்குமா என்பதே இந்த மாதப் பாடம்.

வாலட்டில் இருப்பது என்ன?

'வாலட்' என்னும் செயலிக்குள் நாணயம் எதுவும் இல்லை. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற பேரேடு உலகெங்கும் உள்ள கணினிகளில் பொதுவில் இருக்கிறது. அதில் நம் பங்கைச் செலவிடும் சாவிதான் வாலட்டில் இருக்கிறது. சாவியைத் தாமே வைத்திருப்பவர்களின் வாலட்டில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. இரகசியச் சொற்கள்: 2013இல் முன்வைக்கப்பட்ட பிஐபி 39 என்ற பொது முறைப்படி, 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்கள் தரப்படுகின்றன. இம்முறையைப் பின்பற்றும் வேறொரு செயலியிலும் அதே சொற்களைக் கொண்டு சாவியை மீட்கலாம். எல்லாச் செயலிகளும் இதைப் பின்பற்றுவதில்லை. எலெக்ட்ரம் என்ற செயலி தனக்கென வேறு முறை வைத்திருக்கிறது. சொற்களோடு தனிக் கடவுச்சொல்லும் சேர்த்திருந்தால், அதை விட்டுவிட்டுத் திறக்கும்போது பிழை என்று காட்டாது. வேறொரு காலி வாலட் திறக்கும்.

2. வழித்தடம்: ஒரே சொற்தொகுதியிலிருந்து கணக்கில்லாத முகவரிகள் பிறக்கின்றன. எந்தக் கிளையில் தேட வேண்டும் என்பதற்கு பிஐபி 44, 84 எனப் பல முறைகள் உள்ளன. புதிய செயலி வேறு கிளையில் தேடினால் இருப்பு 0 என்று காட்டும். பணம் இருந்தும் இல்லை என்று குடும்பம் நம்பிவிடக்கூடும்.

3. குறிப்புகள்: 'இது மச்சான் கொடுத்து வைத்தது', 'இது கடனுக்குத் திருப்ப வேண்டியது' என்று நாமே எழுதுபவை. பொதுப் பேரேட்டில் இவை இல்லை. 12 சொற்களிலும் இல்லை. செயலியோடு இருந்து செயலியோடு அழிபவை இவைதான்.

பொது வடிவம் எதற்கு?

ஒவ்வொரு செயலியும் குறிப்புகளைத் தன் சொந்த வடிவில் வைத்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. இதற்குத் தீர்வாக, ஸ்பாரோ என்ற வாலட்டை உருவாக்கிய கிரெய்க் ரா 2022இல் பிஐபி 329 என்ற முறையை முன்வைத்தார். அமைப்பு எளிது. ஒரு குறிப்புக்கு ஒரு வரி. குறிப்பிடப்படுவது பரிவர்த்தனையா முகவரியா, அதன் அடையாளம் எது, நாம் எழுதியது என்ன ஆகியவை அந்த வரியில் இருக்கும். சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால் செயலி இல்லாமலும் திறந்து படிக்கலாம். எந்த நிறுவனமும் அனுமதி கேட்காமல் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் இது பிட்காயினுக்காக எழுதப்பட்டது. எல்லா வாலட்டுகளும் இதை ஏற்றுக்கொள்வதும் இல்லை.

மார்க்கக் கடமையோடு என்ன தொடர்பு?

வாப்பா மவ்த்தாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மகன் 12 சொற்களைக் கொண்டு வாலட்டைத் திறந்துவிட்டான். உள்ளே இருப்பதில் பாதி, வளைகுடாவில் இருக்கும் மச்சான் வாங்கி வைக்கச் சொல்லிக் கொடுத்த பணம். அதைச் சொல்லும் குறிப்பு பழைய கைபேசியோடு போய்விட்டது. மகன் முழுவதையும் வாரிசுகளுக்குப் பங்கிட்டால், பிறருடைய அமானிதம் அறியாமலே பங்கு போகிறது. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவற்றுக்குப் பிறகே வாரிசுப் பங்கு என்பது நாம் அறிந்ததே. கடன் எது என்று தெரியாமல் அந்த வரிசையைக் காப்பது எப்படி?

ஜகாத்தும் அப்படித்தான். இதை ஜகாத்துக்குரிய செல்வம் என்று கூறும் ஆலிம்களின் கருத்துப்படி, நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்ததும் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். எது தன்னுடையது, எப்போது வந்தது என்று தெரிந்தால்தான் கணக்கு வரும். 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் இவ்வகை லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. அதற்கும் வாங்கிய விலை தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியவை

* செயலியின் பெயர், வழித்தடம், தனிக் கடவுச்சொல் உண்டா என்பவற்றை எழுதி வையுங்கள். கடவுச்சொல் இருந்தால் அதையும் சொற்களையும் காகிதத்தில் எழுதித் தனித்தனியே பத்திரப்படுத்துங்கள்.
* குறிப்புகளைப் பொது வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.
* அந்தக் கோப்பு நம் கொடுக்கல் வாங்கலை எல்லாம் காட்டிவிடும், பூட்டி வையுங்கள்.
* பிறருடைய பணம் இருந்தால் வஸிய்யத்தில் சாட்சிகளோடு எழுதுங்கள்.
* இரகசியச் சொற்களை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். நம் அறக்கட்டளை உட்பட எவருக்கும் அவை தேவையில்லை.

அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.